பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் இருந்தும் ஏன் இவ்வளவு நேரம் நிக்கிறோம்?

வழக்கமா இங்க பழைய நிலப்படம், ஊர்ப்பேர்னு எழுதுற ஆள் நான். இந்தத் தடவை பஸ். காரணம், நான் ஒருத்தர்கிட்ட ஒரு தப்பான கணக்கைச் சொல்லிட்டேன். அது தப்புன்னு எனக்கே புரிய ஒரு மாசம் ஆச்சு.

எங்க ஆபீஸ் ஓ.எம்.ஆர்.ல, சோழிங்கநல்லூர் பக்கம். எங்க மாடியில ஹவுஸ்கீப்பிங் பண்ற ஒரு அக்கா வேளச்சேரியில இருந்து வராங்க. ஒப்பந்த வேலை. காலைல எட்டரைக்குள்ள கைரேகை வைக்கணும். மாசத்துல மூணு நாள் தாண்டினா அரை நாள் சம்பளம் கட். ஒரு நாள் என் டெஸ்க்கிட்ட வந்து, "சார், சூப்பர்வைசர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சார், இந்த மாசமும் அரை நாள் புடிச்சிட்டாங்க"ன்னு கேட்டாங்க. நானும் வேளச்சேரிதான், ஆனா அப்போ கார்ல வந்துட்டு இருந்தேன். நான் சொன்ன பதில் இது: "பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் இருக்கேக்கா, ஒரு பஸ் முன்னாடி புடிச்சிட்டா போதுமே?"

அவங்க சண்டை எல்லாம் போடல. "பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு உங்க ஃபோன்ல வரும் சார். ரோட்டுல வந்தா மூணா வரும், வராட்டி வரவே வராது"ன்னு சொல்லிட்டு மாப்பை எடுத்துட்டுப் போயிட்டாங்க.

அது நடந்து கொஞ்ச நாள்ல என் கார் ஒர்க்‌ஷாப்புக்குப் போச்சு. ஸ்பேர் பார்ட் வர ஒரு மாசம் ஆகும்னுட்டாங்க. பஸ்தான். விஜயநகர் ஸ்டாப்புல நின்னப்போ அந்த அக்கா சொன்னது ஞாபகம் வந்துச்சு, சட்டைப்பையில இருந்த சின்ன நோட்டுல பஸ் வர்ற நேரத்தைக் குறிக்க ஆரம்பிச்சேன். ஆராய்ச்சின்னு பெருசா சொல்ல முடியாது. ஒரே ஸ்டாப்பு, ஒரே பக்கம், காலை ஏழுல இருந்து எட்டு வரைக்கும். ஆனாலும் ரெண்டாவது வாரத்துலயே ஒரு விஷயம் தெளிவாயிடுச்சு.

என் நோட்டுல இருந்து ஒரு காலையை எடுத்துக்குவோம். கணக்குக்கு வசதியா வினாடிகளை விட்டுட்டேன். ஏழு மணிக்கு ஒரு பஸ் கிளம்பிப் போகுது. அதுக்கப்புறம் அதே தடத்துல வந்த பஸ்கள்: 7:02, 7:24, 7:26, 7:28, 7:52, 8:00. ஒரு மணி நேரத்துல 6 பஸ். சராசரி இடைவெளி சரியா 10 நிமிஷம். டிப்போ ரிஜிஸ்தரைப் பார்த்தா அத்தனை டிரிப்பும் ஓடியிருக்கும், யாரையும் குறை சொல்ல முடியாது.

இப்போ ஸ்டாப்புல நிக்கிற ஆள் பக்கத்துல இருந்து பார்ப்போம். இடைவெளிகள் 2, 22, 2, 2, 24, 8 நிமிஷம். நீங்க ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல எப்பவோ, நேரம் பார்க்காம, ஸ்டாப்புக்கு வர்றீங்க. எந்த இடைவெளியில வந்து மாட்டுவீங்க? 60 நிமிஷத்துல 46 நிமிஷத்தை அந்த 22-ம் 24-மே சாப்பிட்டுடுது. அதாவது நாலுல மூணு பேருக்கு மேல அந்த ரெண்டு நீளமான ஓட்டைக்குள்ளதான் வந்து விழறாங்க. மூணு ரெண்டு நிமிஷ இடைவெளிக்குள்ள வந்து "அட, உடனே வந்துடுச்சே"ன்னு சந்தோஷப்படுறவங்க பத்துல ஒருத்தர்தான்.

இதுக்குக் கணக்கு ரொம்ப சுலபம். ஒவ்வொரு இடைவெளியையும் அதாலேயே பெருக்கி, எல்லாத்தையும் கூட்டி, மொத்த நேரத்தால வகுக்கணும். 4 + 484 + 4 + 4 + 576 + 64, ஆக 1136. அதை 60-ஆல வகுத்தா ஏறக்குறைய 19. பயணி மாட்டிக்கிற இடைவெளியோட சராசரி 19 நிமிஷம். அதுல பாதி, அதாவது சுமார் ஒன்பதரை நிமிஷம், அவர் சராசரியா நிக்கிற நேரம். பஸ் எல்லாம் ஒழுங்கா பத்துப் பத்து நிமிஷத்துல வந்திருந்தா சராசரியா அஞ்சு நிமிஷம் நின்னா போதும். பஸ் எண்ணிக்கை அதேதான், டிரைவர், டீசல் எல்லாம் அதேதான். நிக்கிற நேரம் மட்டும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

நிகழ்தகவுக் கணிதத்துல இதுக்குக் காத்திருப்பு நேர முரண்பாடுன்னு பேர். வில்லியம் ஃபெல்லர் 1966-ல வந்த தன் புத்தகத்தோட ரெண்டாம் தொகுதியில பஸ் உதாரணத்தை வெச்சே இதை விளக்குறார். அதுல ஒரு அழகான முடிவு இருக்கு. பஸ்கள் எந்த ஒழுங்கும் இல்லாம, முன்னாடி பஸ் எப்போ போச்சுங்கிறதுக்கும் அடுத்தது எப்போ வரும்ங்கிறதுக்கும் சம்பந்தமே இல்லாம, சராசரியா பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு வந்தா, நீங்க நிக்கிற சராசரி நேரமும் பத்து நிமிஷமேதான். எங்க ஸ்டாப்புல அன்னிக்கு ஒன்பதரை. டைம்டேபிள் போட்டு ஓட்டினதும், சீட்டுக் குலுக்கிப் போட்டு ஓட்டினதும், விஜயநகர் வந்து சேரும்போது கிட்டத்தட்ட ஒண்ணாயிடுது. அதை அன்னிக்கு ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தப்போ சிரிப்பு வந்துச்சு, கொஞ்சம் எரிச்சலும் வந்துச்சு.

இதே விஷயத்தைப் பஸ் இல்லாமலும் புரிஞ்சுக்கலாம். ஒரு தெருவுல ரெண்டே வீடு. ஒண்ணுல ஒரு பிள்ளை, இன்னொண்ணுல அஞ்சு. அம்மாக்கள்கிட்ட "உங்க வீட்டுல எத்தனை பிள்ளைங்க"ன்னு கேட்டா சராசரி 3. அதே கேள்வியைப் பிள்ளைங்ககிட்ட கேட்டா ஒருத்தன் 1-ன்னு சொல்வான், அஞ்சு பேர் 5-ன்னு சொல்வாங்க, சராசரி 4.3. ரெண்டு பேரும் பொய் சொல்லல. பெரிய வீட்டுல சொல்ல ஆள் அதிகம், அவ்வளவுதான். நீளமான இடைவெளியிலயும் அப்படித்தான், அதுக்குள்ள நிக்க ஆள் அதிகம்.

கூட்டத்துக்கும் இதே கதைதான். எங்க ஸ்டாப்புக்கு நிமிஷத்துக்கு ரெண்டு பேர் வர்றாங்கன்னு வெச்சுக்குவோம். அந்த ஆறு பஸ்ல ஏறுறவங்க வரிசையா 4, 44, 4, 4, 48, 16. மொத்தம் 120 பேர். பஸ்ஸுக்குச் சராசரியா 20 பேர்னு கண்டக்டர் கணக்கு சொல்லும். ஆனா அந்த 120 பேர்ல 92 பேர் ஏறினது ரெண்டே பஸ்லதான். ஒவ்வொருத்தரையும் நிறுத்தி "உங்களோட சேர்ந்து எத்தனை பேர் ஏறினாங்க"ன்னு கேட்டா சராசரி 38 வரும். ஜன்னல் சீட்டுல காத்து வாங்கிட்டுப் போன பன்னெண்டு பேர் பேச்சு அந்த 92 பேர் காதுல எங்க விழும்? "இந்த ரூட்ல பஸ்ஸே இல்ல"ன்னு ஊரே சொல்றதும், "காலி வண்டியா ஓடுது"ன்னு சிலர் சொல்றதும் ஒரே காலையைப் பத்தித்தான்.

சரி, ஆறு மணிக்கு ஒழுங்கான இடைவெளியில கிளம்பின பஸ்கள் ஏன் மூணு மூணா சேர்ந்து வருது? முன்னாடி நான் நினைச்சது, டிரைவருங்க டீக்கடையில ஒண்ணா நின்னு ஒண்ணா கிளம்புறாங்கன்னு. தெரியாம ஒருத்தரைத் திட்டுறது எவ்வளவு சுலபம் பாருங்க.

நடக்கிறது வேற. ஒரு பஸ் ஏதோ ஒரு சிக்னல்ல ரெண்டு நிமிஷம் மாட்டிக்கிது. அடுத்த ஸ்டாப்புல, நிமிஷத்துக்கு ரெண்டு பேர் கணக்குல, வழக்கத்தை விட நாலு பேர் கூட நிப்பாங்க. ஒருத்தர் ஏற மூணு செகண்டுன்னா பன்னெண்டு செகண்ட் கூடுதல். இப்போ தாமதம் ரெண்டு நிமிஷம் பன்னெண்டு செகண்ட். அதுக்கடுத்த ஸ்டாப்புல இன்னும் கொஞ்சம் அதிகமா ஆள். ஒவ்வொரு ஸ்டாப்புலயும் தாமதம் பத்து சதவீதம் ஏறுது. கூட்டு வட்டி. பத்து ஸ்டாப்பு தாண்டினா அந்த ரெண்டு நிமிஷம் அஞ்சு நிமிஷத்தைத் தாண்டிடும். பின்னாடி வர்ற பஸ்ஸுக்கு நேர் எதிர்: முன்னாடி போனவன் எல்லாரையும் அள்ளிட்டுப் போயிட்டான், இவனுக்கு ஆளே இல்ல, ஸ்டாப்புல நிக்க வேலையும் இல்ல, வேகமா வர்றான். கடைசியில முன்னாடி போற பஸ்ஸை எட்டிப் புடிச்சிடுவான். அதுக்கப்புறம் ரெண்டும் ஜோடியாத்தான் போகும், பிரியாது.

நியூவெல், பாட்ஸ்னு ரெண்டு பேர் 1964-லயே இதைக் கணிதமா எழுதி வெச்சிருக்காங்க. அதோட சாரம், சம இடைவெளிங்கிறது ஒரு நிலையில்லாத நிலை. குச்சி நுனியில நிக்க வெச்ச பந்து மாதிரி. யாரும் தப்பு பண்ண வேண்டியதில்ல, சும்மா விட்டாலே விழுந்துடும்.

நம்ம ஊர்ல இந்தக் கூட்டு வட்டியோட விகிதம் இன்னும் அதிகம்னு நினைக்கிறேன். நெரிசலான பஸ்ல ஏற மூணு செகண்ட் போதாது. படியில நிக்கிறவர் இறங்கி வழிவிடணும், "உள்ள போங்க, உள்ள போங்க"ன்னு கண்டக்டர் கத்தணும். காசு கை மாறி கை மாறி பின்னாடி போய் டிக்கெட்டும் சில்லறையும் அதே வழியா திரும்பி வரணும். (முகம் தெரியாத பத்துப் பேர் கையில நூறு ரூபாயை நம்பிக் குடுக்குறோம். இதுவரைக்கும் எனக்கு ஒரு தடவைகூட மீதி வராம போனதில்ல. இது தனியா ஒரு குறிப்பு எழுத வேண்டிய விஷயம்.) டிக்கெட் போட்டு முடியலன்னா அடுத்த ஸ்டேஜ் வர்றதுக்குள்ள வண்டியை ஓரங்கட்டி நிறுத்திட்டு, கண்டக்டர் டிக்கெட் கிழிச்சு முடிச்ச பிறகுதான் விசில். கூட்டமான பஸ் ஸ்டாப்பைத் தாண்டிப் போய் நிக்கும், ஜனம் அதைத் துரத்தி ஓடும், அதுல ஒரு அரை நிமிஷம். இப்போ மெட்ரோ ரெண்டாம் கட்ட வேலைக்காக ஓ.எம்.ஆர்.ல பல இடத்துல தடுப்பு வெச்சிருக்காங்க, முதல் ரெண்டு நிமிஷத் தாமதத்துக்கும் பஞ்சமில்ல.

ரயில்ல இந்தச் சேர்ந்து வர்ற வியாதி குறைவு. பீச்–தாம்பரம் மின்சார ரயில் 1931-ல இருந்து ஓடுது. அங்கயும் கூட்டம், அங்கயும் வாசல்ல தொங்கல். ஆனா முன்னாடி வண்டி அந்தப் பகுதியைக் காலி பண்ணாம பின்னாடி வண்டிக்கு சிக்னல் விழாது. ஒண்ணு மேல ஒண்ணு வந்து நிக்க வழியே இல்ல.

எனக்கு உறைச்ச இடம் வேற. நான் பி.இ. முடிச்சு இருபது வருஷத்துக்கு மேல சாஃப்ட்வேர்ல இருக்கேன். சர்வரோட சராசரி ரெஸ்பான்ஸ் டைமை மட்டும் போட்டு யாராவது ரிப்போர்ட் குடுத்தா நான் திருப்பி அனுப்பிடுவேன். "சராசரி எனக்கு வேண்டாம், நூறு பேர்ல ரொம்ப நேரம் காத்திருந்த அஞ்சு பேர் எவ்வளவு நேரம் காத்திருந்தாங்கன்னு காட்டு"ன்னு கேட்பேன். மெஷினுக்கு இந்த மரியாதையைக் குடுக்கத் தெரிஞ்ச எனக்கு, அந்த அக்காகிட்ட பத்து நிமிஷம்னு சராசரியைத் தூக்கிப் போடத்தான் தோணிச்சு.

சராசரியே பிரச்சினைன்னா, அவங்களுக்கு அதுக்கு மேல ஒண்ணு இருந்துச்சு. அதை நான் ஒரு நாள் ஸ்டாப்புல அவங்களோட சேர்ந்து நின்னப்போதான் கவனிச்சேன். டீலக்ஸ் ஒண்ணு வந்து நின்னுச்சு, சீட்டுகூட இருந்துச்சு, நான் ஏறப் போனேன், அவங்க அசையல. "நீங்க போங்க சார், நான் வெள்ளை போர்டு பார்த்து வரேன்."

2021 மே மாசத்துல இருந்து தமிழ்நாட்டுல சாதாரணக் கட்டண நகரப் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்ல. அது எவ்வளவு பெரிய உதவின்னு அவங்களே சொன்னாங்க. முன்னாடி பஸ்ஸுக்குப் போன காசுல இப்போ பையனோட டியூஷன் ஓடுது. ஆனா இதனால அவங்களுக்கு பஸ் தடமே வேற ஆயிடுது. என் நோட்டுல இருந்த அந்தக் காலையையே எடுங்க. ஆறு பஸ்ல வெள்ளை போர்டு ரெண்டுதான், 7:02-ம் 7:52-ம். எனக்குப் பெரிய ஓட்டை 24 நிமிஷம்னா அவங்களுக்கு 50. விஜயநகர்ல இருந்து ஆபீஸுக்குக் காலை நெரிசல்ல முக்கால் மணி நேரம். எட்டரைக்குக் கைரேகை வைக்கணும்னா ஏழே முக்காலுக்குள்ள ஏறணும். அவங்க 7:05-க்கே ஸ்டாப்புக்கு வந்திருந்தாலும் அடுத்த வெள்ளை போர்டு 7:52. நாற்பது நிமிஷம் முன்னாடியே வந்து நின்னும் லேட்டுதான்.

இல்லாட்டி டீலக்ஸ்ல காசு குடுத்து ஏறணும், இல்லாட்டி தினமும் ஏழு மணிக்கு முன்னாடியே வந்து நிக்கணும். அதுக்கு அஞ்சு மணிக்குள்ள எந்திரிச்சு சமைச்சாகணும். பெரும்பாலான நாள்ல பஸ் சீக்கிரமே வந்துடும், ஆபீஸ் வாசல்ல அரை மணி நேரம் சும்மா உக்காந்திருப்பாங்க. அந்த அரை மணி நேரம் யாரோட ரிஜிஸ்தர்லயும் ஏறாது.

இதுக்கு வழி இல்லாம இல்ல. லண்டன்ல, மணிக்கு அஞ்சு பஸ்ஸோ அதுக்கு மேலயோ ஓடுற தடங்கள்ல, பஸ் டைம்டேபிள் நேரத்துக்கு வந்துச்சான்னு பார்க்கிறதில்ல. ஒழுங்கா வந்திருந்தா பயணி எவ்வளவு நேரம் நின்னிருப்பார், நிஜத்துல எவ்வளவு நேரம் நின்னார், ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் என்னன்னு அளக்குறாங்க. இடைவெளியைச் சரிபண்ண பஸ்ஸை நடுவழி ஸ்டாப்புல கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கிறதும் உண்டு, உள்ளேயே அதுக்கு அறிவிப்பும் வரும். பார்த்தோல்டி, ஐசன்ஸ்டீன்னு ரெண்டு பேராசிரியர்கள் 2012-ல இன்னும் சுலபமா ஒண்ணு சொன்னாங்க: டைம்டேபிளைத் தூக்கிப் போட்டுடுங்க, ஒரு முனையத்துக்கு வர்ற பஸ், தனக்குப் பின்னாடி வர்ற பஸ் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு பார்த்து, அதுக்கேத்த மாதிரி கொஞ்சம் நின்னு கிளம்பட்டும், இடைவெளி தானாவே சமமாயிடும்னு. அட்லாண்டாவுல ஜார்ஜியா டெக் வளாகத்துப் பஸ்ல ஓட்டியும் பார்த்தாங்க. நம்ம ஊர் டெர்மினஸ்ல டைம் கீப்பர்னு ஒருத்தர் ஏற்கனவே உக்காந்திருக்கார். அவர் கையில ஒரு திரையும், தடத்துக்கு நடுவுல இன்னும் ஒருத்தரும் இருந்தா முயற்சி பண்ணிப் பார்க்கலாம்.

சிக்கல் என்னன்னா, நிறுத்தி வைக்கப்படுற பஸ்ஸுக்குள்ள ஏற்கனவே நாற்பது பேர் வேர்த்துப்போய் நிப்பாங்க. "ஏன்யா வண்டிய எடுக்க மாட்டேங்குற"ன்னு டிரைவர் காதுல விழற சத்தம் அவங்களோடது. அடுத்த ஸ்டாப்புகள்ல நிம்மதியா ஏறப்போற ஜனத்தோட சத்தம் அவருக்குக் கேட்காது.

பயணியா நான் கத்துக்கிட்டது ஒண்ணு. ரொம்ப நேரம் கழிச்சு, பிதுங்கி வழியிற பஸ் வந்தா அதுல ஏறாதீங்க. பின்னாடியே ரெண்டு மூணு நிமிஷத்துல காலி வண்டி வர வாய்ப்பு அதிகம். கூட்டு வட்டிக் கணக்கே அதைத்தான் சொல்லுது, என் நோட்டும் பெரும்பாலும் அதைத்தான் சொல்லுது. இதை உற்சாகமா அந்த அக்காகிட்ட சொன்னேன். "பின்னாடி வர்றது டீலக்ஸா இருந்தா என்ன சார் பண்றது?"ன்னாங்க. பதில் இல்ல என்கிட்ட.

மாசக் கடைசியில இந்தக் கணக்கை அரைப் பக்கமா சுருக்கி, தமிழ்லயே எழுதி, சூப்பர்வைசர்கிட்ட குடுத்தேன். அவரும் தாம்பரத்துல இருந்து பஸ்ல வர்றவர்தான். முழுசா படிச்சார். "நீங்க சொல்றது புரியுது சார், ஆனா ஆடிட்ல கைரேகை நேரத்தைத்தான் பார்ப்பாங்க, நான் என்ன பண்ண?"ன்னார். அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து பார்த்தோம். எங்க மாடியில முதல் மீட்டிங்கே ஒன்பதரைக்கு மேலதான். எட்டரைங்கிற நேரம் எப்போ யார் வெச்சதுன்னு யாருக்கும் ஞாபகம் இல்ல. ரெண்டு மெயில், ஒரு கையெழுத்து. இப்போ எட்டரையில இருந்து ஒன்பதுக்குள்ள எப்போ வந்தாலும் சரி, எவ்வளவு நேரம் லேட்டோ அதைச் சாயங்காலம் சேர்த்து இருந்துட்டுப் போகணும்.

அரை நாள் கட் அதோட நின்னுச்சு. நான் கொஞ்சம் பெருமையாத்தான் போய் "இப்போ பரவாயில்லையாக்கா?"ன்னு கேட்டேன்.

"காலைல பரவாயில்ல சார். சாயங்காலம் அரை மணி நேரம் தள்ளிப் போனா வெள்ளை போர்டு இன்னும் மோசம். வீட்டுக்குப் போக எட்டாயிடுது."

நோட்டுல புதுசா ஒரு பக்கம் திறந்திருக்கேன். சோழிங்கநல்லூர் சிக்னல், வேளச்சேரி போற பக்கம், சாயங்காலம் ஆறுல இருந்து ஏழு. கார் சரியாகி வந்துடுச்சு, அது பாட்டுக்கு அபார்ட்மென்ட் கீழ நிக்குது.